வெள்ளத்தோடு வந்த ஆமை: கடலூரில் ஒரு ஸ்னாப்பிங் ஆமையை மேலிருந்து பார்த்து நான் தவறாகச் சொன்னது

இதில் வரும் யாருடைய பெயரையும் தெருவையும் எழுதவில்லை. வெள்ள நேரத்தில் பாம்பு, ஆமை, உடும்பு என்று போன் வந்தால் எடுத்துப் போகிறவர்களுக்கு, குறிப்பாக போட்டோவைப் பார்த்து வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லிவிடுகிற என்னைப் போன்றவர்களுக்கு, இது உதவும் என்று நினைத்து நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை ஒரு பக்கம் என்றால், டிசம்பர் 2-ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர்ந்ததும் கடலூரில் ஆற்றை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வேலை தொடங்கியது. சமையல்கட்டில் சாரை, மாடிப்படிக்குக் கீழே நல்ல பாம்பு, கழிவறையில் தண்ணீர்ப் பாம்பு என்று ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம். இதைச் சொல்வது சாக்குக்காக அல்ல. அந்த வாரம் நான் எவ்வளவு அவசரத்தில் முடிவெடுத்துக்கொண்டிருந்தேன் என்பதும் இந்த நிகழ்வின் ஒரு பகுதி.

வெள்ளம் வடிந்த நாலைந்து நாளில் ஒரு காலை, ஆற்றங்கரைப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்மணி கூப்பிட்டார். தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பெரிய ஆமை ஒன்று கிடக்கிறது, மாமியார் ஒரே பிடிவாதமாக இருக்கிறார் என்றார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லிட்டே இருக்காங்க தம்பி. அது வெளிய போற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க விட மாட்டேங்கறாங்க." வெள்ளத்தில் அரிசி மூட்டை, பீரோ எல்லாம் நனைந்துபோன வீடு. அந்த அம்மாவின் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போட்டோவில் கண்டது, நான் சொன்னது

போட்டோ நேர் மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. ஓடு முழுக்கச் சேறு. தலை ஒரு பக்கமாகத் திரும்பி ஓட்டின் விளிம்பை ஒட்டிக் கிடந்தது. பின்பக்கம் ஒரு தென்னை மட்டைக்கு அடியில் மறைந்திருந்தது. முதுகில் நீளவாக்கில் மூன்று மேடுகள் லேசாகத் தெரிந்தன.

நம் பக்கத்துக் குளம், வாய்க்கால், கிணறுகளில் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று பால் ஆமை. அதன் ஓட்டின் மேல் தோல் போர்த்தியது போல வழவழவென்று இருக்கும், மூக்கு குழாய் மாதிரி நீண்டிருக்கும். இன்னொன்று காராமை. அதன் முதுகில் மூன்று வரி மேடு இருக்கும். மூன்று மேடு தெரிந்ததுமே என் மனதில் பதில் விழுந்துவிட்டது. "காராமைதான் அக்கா, ஒண்ணும் செய்யாது. பக்கத்துல இருக்கிற குளத்துல விட்டுடச் சொல்லுங்க" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன்.

இதில் இரண்டு தவறு. போட்டோவில் அளவு தெரிய எந்தப் பொருளும் பக்கத்தில் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வால் தெரியவில்லை, அதையும் கேட்கவில்லை. "ஒண்ணும் செய்யாது" என்ற சொல்லுக்கு விலை கொடுத்தது வேறொருவர்.

கடி

அரை மணி நேரத்துக்குள் மறுபடி போன். பக்கத்து வீட்டுப் பையன், பத்தொன்பது வயது இருக்கும், ஆமையைக் குளத்துக்குத் தூக்கிப் போக வந்திருக்கிறான். அவனுக்கு முன்னால் இன்னொருவர் வாலைப் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்த்திருக்கிறார், கனம் தாங்காமல் கீழே வைத்துவிட்டார். அப்புறம் இந்தப் பையன், சாப்பாட்டுத் தாம்பாளத்தைத் தூக்குகிற மாதிரி ஓட்டின் இரண்டு பக்கமும் நடுவில் பிடித்துத் தூக்கினான். காராமையாக இருந்தால் அது சரியான பிடிதான். இதுவோ கழுத்தைப் பின்பக்கமாக வீசிக் கட்டைவிரலின் அடிப்பகுதியைக் கவ்விவிட்டது. பிடித்த பிடியில் தொங்கவில்லை, ஒரு நொடியில் விட்டுவிட்டது. ஆனால் தசை கிழிந்து ரத்தம் கொட்டியது.

அவனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன், அதற்கு முன் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பத்து நிமிஷம் காயத்தைக் கழுவச் சொன்னேன். ஆமையை யாரும் தொட வேண்டாம், அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஒரு செங்கல் வையுங்கள் என்றேன். பையனுக்கு மூன்று தையல், டிடி ஊசி, மாத்திரை. எலும்புக்குப் போகவில்லை. நான் சொன்ன வார்த்தையை நம்பித்தான் அவன் வெறுங்கையால் தொட்டான்.

நேரில் கண்டது

கூடையை நிமிர்த்தும்போது முதலில் வந்தது வாடை. அழுகிய சேறும் பச்சை மீனும் கலந்தது போல ஒரு நெடி. இந்த ஆமைக்கு உடம்பின் பக்கவாட்டில் சுரப்பிகள் உண்டு, மிரண்டால் அதிலிருந்து வருவது. அடுத்துக் கண்ணில் பட்டது வால். ஓட்டின் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, அடியில் கைப்பிடி கனம். அதன் மேல்பக்கம் ரம்பப் பல் மாதிரி எலும்புச் செதில்கள் வரிசையாக நின்றன. முதலைக் குட்டியின் வால் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். நம் ஊர் நன்னீர் ஆமை எதற்கும் இப்படி வால் கிடையாது. அந்தத் தென்னை மட்டையை நகர்த்திவிட்டு ஒரு போட்டோ கேட்டிருந்தால் காலையிலேயே தெரிந்திருக்கும்.

ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சேற்றைக் கழுவிய பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஓட்டின் பின்விளிம்பு மட்டும் வெட்டுவெட்டாக, கூராக இருந்தது, முன்பக்கம் அப்படி இல்லை. முதுகின் மூன்று மேடுகள் மழுங்கிப்போயிருந்தன. குட்டியில் எடுப்பாக இருக்கும் இந்த மேடுகள் வயதாக ஆகத் தேய்ந்துவிடும், அதனால்தான் போட்டோவில் காராமையின் மேடு மாதிரியே தெரிந்தன. தலை உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது. பல் இல்லை. மேல் அலகின் நுனி கிளி மூக்கு போலக் கீழே வளைந்திருந்தது. மோவாயில் இரண்டு சின்ன மீசை மாதிரி தசை நுனிகள். கழுத்துத் தோலெல்லாம் மரு. முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நாலு, விரல்களுக்கு நடுவே சவ்வு.

அடிப்பக்கத்தைப் பார்க்க அதைக் கவிழ்க்க விரும்பவில்லை. பின்னங்கால்களுக்கு மேலே ஓட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கத்தை ஒரு ஜாண் தூக்கினேன். அந்த அக்கா தன் போனை முன் கேமரா மேலே பார்க்கிற மாதிரி தரையில் வைத்து நீண்ட கட்டையால் அடியில் தள்ளினார். அப்படி எடுத்த வீடியோவில்தான் சந்தேகம் முழுக்கத் தீர்ந்தது. மற்ற ஆமைகளுக்கு வயிற்றுப்பக்கம் ஒரு பலகை மாதிரி முழுதாக மூடியிருக்கும். இதற்குச் சிலுவை வடிவில் ஒல்லியான ஒரு துண்டுதான். அதைச் சுற்றிலும், கால் முளைக்கிற இடமெல்லாம், வெறும் தோலும் சதையும்.

கையிலிருந்த டேப்பில் ஓட்டின் நீளம் 29 சென்டிமீட்டர், வால் 24. மீன்காரரின் ஸ்பிரிங் தராசில் சாக்கோடு தொங்கவிட்டு, சாக்கின் எடையைக் கழித்தால் 6 கிலோ 200 கிராம். வட அமெரிக்காவின் சாதாரண ஸ்னாப்பிங் ஆமை, அறிவியல் பெயர் கெலிட்ரா செர்பென்டினா. கனடாவின் தெற்குப் பகுதியிலிருந்து புளோரிடா வரை அதன் சொந்த இடம். 1758-இல் லின்னேயஸ் வைத்த பெயரில் உள்ள செர்பென்டினா என்ற சொல் பாம்பைக் குறிக்கிறது. அந்தக் கழுத்து நீண்டதைப் பார்த்த எவருக்கும் அது விளங்கும்.

வீடியோவைப் பார்த்த நண்பர் ஒருவர் இது அலிகேட்டர் ஸ்னாப்பிங் ஆமை என்று வாதிட்டார். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வேறு இனம். அலிகேட்டர் வகைக்கு முதுகில் மூன்று வரிசையும் மலை முகடு போல வயதான பிறகும் துருத்திக்கொண்டு நிற்கும், பக்கவாட்டு விளிம்பில் ஒரு வரிசை ஓடு கூடுதலாக இருக்கும், மேலிருந்து பார்த்தால் கண் தெரியாது. இதற்கு மேலிருந்தே இரண்டு கண்ணும் தெரிந்தன. இன்னொன்று, அந்த வகையின் நாக்கில் புழு மாதிரி ஒரு சதைத் துண்டு இருக்கும், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அதை ஆட்டி மீனை வரவழைக்கும். இந்த ஆமை எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தபோது உள்ளே வெளிர் இளஞ்சிவப்புதான், புழு எதுவும் இல்லை.

ஏன் கடித்தது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெருவில் கூடியிருந்த எல்லோரும் அதை வெறிபிடித்த ஆமை என்றே பேசினார்கள், ஒருவர் அடித்துப் போட்டுவிடலாம் என்றுகூடச் சொன்னார்.

ஆமை என்றால் தலை, நாலு கால் ஐந்தையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் என்பது சின்ன வயதிலிருந்தே நம் மனதில் இருக்கிற படம். இந்த ஆமையால் அது முடியாது. வயிற்று ஓடு சின்னது, கால் தடிமன், தலை பெரிது. உள்ளே இழுத்தாலும் பாதிக்கு மேல் வெளியேதான் நிற்கும். ஒளிந்துகொள்ள வீடு இல்லாத ஆமை அது. தண்ணீரில் இருந்தால் அதற்கு இது பிரச்சினையே இல்லை. அடியில் சேற்றில் புதைந்து கிடக்கும், மனிதன் பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் நீந்தி விலகிவிடும். தரையில், சுற்றி இருபது பேர் நிற்க, ஒருவர் வாலைப் பிடித்துத் தூக்க, இன்னொருவர் பக்கவாட்டில் பிடிக்க, அதனிடம் மிச்சம் இருந்தது கழுத்தும் அலகும்தான். அந்தக் கழுத்து, பக்கவாட்டில் பின்னங்காலுக்குக் கிட்ட வரை எட்டும். பையன் கை வைத்த இடம் சரியாக அந்த எல்லைக்குள் இருந்தது.

விளக்குமாற்றுக் கட்டையை ஒடித்துவிடும், விரலைத் துண்டாக்கிவிடும் என்று சொல்லப்படுகிற கதைகளையும் அன்று கேட்டேன். அளந்து பார்த்தவர்கள் கணக்கில் இதன் கடி 200 நியூட்டன் அளவு. மனிதன் கடைவாயால் கடிப்பது அதைவிட அதிகமாகவே இருக்கும். கூரான அலகும் வேகமும்தான் காயத்துக்குக் காரணம். இதை அங்கேயே கூட்டத்துக்குச் சொன்னேன். பயம் கொஞ்சம் இறங்கியது, கல் எடுத்து வைத்திருந்தவர் கீழே போட்டார்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எந்த நீர்நிலையிலும் விடுவதில்லை. வீட்டுக்காரர்களுக்குப் புரிய வைக்க நேரம் ஆனது, ஏனென்றால் காலையில் நானே குளத்தில் விடச் சொல்லியிருந்தேன். குளிர் நாட்டு ஆமை நம் வெயிலில் தானே செத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். புளோரிடா வரை வாழ்கிற இனத்துக்கு நம் வெயில் ஒரு தடையல்ல. மீன், தவளை, நத்தை, குஞ்சு வாத்து, செத்த உடல், நீர்ச்செடி எல்லாம் தின்னும். ஜப்பானில் சிபா மாகாணத்து இன்பா ஏரிப் பகுதியில், வளர்த்தவர்கள் கைவிட்ட இதே இனம் பெருகிவிட்டது. 2005-லேயே ஆக்கிரமிப்பு அயல் இனம் என்று அங்கே சட்டத்தில் சேர்த்து, இன்று வரை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆணா பெண்ணா என்றும் பார்த்தேன். பெண் ஒரு முறை இணை சேர்ந்தால் விந்தைச் சில வருடம் உடம்பிலேயே வைத்திருந்து தனியாக முட்டையிட முடியும், ஒரு தடவைக்கு இருபது முப்பதுக்கு மேல். இதற்கு வாலின் அடியில் உள்ள கழிவுத் துளை ஓட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே இருந்தது, வாலின் அடிப்பகுதியும் தடிமன். ஆண். கொஞ்சம் நிம்மதி.

இரண்டாவது, அன்றே வனத்துறைக்குத் தகவல். சரக அலுவலகத்தில் வெள்ள வேலைக்கு நடுவிலும் மாலைக்குள் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவரை மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பில் வைத்தோம், மூடியில் ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டோம். தண்ணீர் நிரப்பவில்லை, களைத்த ஆமைக்கு ஆழமான தண்ணீர் ஆபத்து. ஈரச் சாக்கு மட்டும் மேலே. டப்பிற்குள் மாற்றும்போது பின்விளிம்பைப் பிடித்தே தூக்கினேன், தலை என் உடம்பிலிருந்து விலகி இருக்கும்படி. முன்பு வாலைப் பிடித்துத் தொங்கவிட்டதில் முதுகெலும்பு இழுபட்டிருக்கலாம் என்ற கவலை இருந்தது. பின்னங்கால் இரண்டும் ஒரே பலத்தில் உதைப்பதைப் பார்த்த பிறகுதான் மூடியை மூடினேன்.

மூன்றாவது, வளர்த்தவரைத் தேடுவது. இதைச் செய்யத் தோன்றியதற்குக் காரணம் நகங்கள். இந்த அளவு ஆமைக்கு நகம் நீளமாக, கூராக இருக்க வேண்டும். இதற்குப் பதினெட்டுமே தேய்ந்து, நுனி தட்டையாக இருந்தன. பின்கால் நகங்கள்தான் அதிகம் தேய்ந்தவை. வயிற்று ஓட்டிலும் ஒரே திசையில் வெளிறிய உராய்வுக் கோடுகள். சேற்றிலும் புல்லிலும் வாழ்கிற ஆமைக்கு இப்படி ஆகாது, சிமென்ட் தரையில் வருடக்கணக்கில் நடந்தால்தான் ஆகும். அது மட்டுமல்ல, நான் பிளாஸ்டிக் வாளியைத் தரையில் வைத்த சத்தத்துக்கு அது தலையைத் தூக்கி வாளியையே பார்த்தது. வாளியில் தீனி வருகிற பழக்கம்.

வளர்த்தவர்

பெயரைக் கேட்க மாட்டோம், ஆமையைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று அந்த அக்கா தெருவில் சொல்லி வைத்தார். சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒருவர் வந்தார். முப்பது வயதுக்குள். டப்பைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

2016-இல் வேறு ஊரில் வண்ண மீன் கடை ஒன்றில் வாங்கியிருக்கிறார். "'டைனோசர் ஆமை'ன்னு சொல்லிக் கொடுத்தாங்க அண்ணே, பழைய ரெண்டு ரூபாய் காசு அளவுதான் இருந்துச்சு, இதுக்கு மேல பெருசா வளராதுன்னாங்க." கண்ணாடித் தொட்டி, பிறகு பிளாஸ்டிக் டிரம், கடைசியில் தோட்டத்தில் மூன்றடி உயரத்தில் சிமென்ட் தொட்டி கட்டினார். மத்தி மீனும் கோழி ஈரலும் தீனி. டிசம்பர் 2-ஆம் தேதி தண்ணீர் தொட்டிச் சுவருக்கு மேல் ஏறியதும் ஆமை போய்விட்டது. அவரும் தேடியிருக்கிறார், வெளியே சொல்லத்தான் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த இனம் 2022-இல் பனாமாவில் நடந்த கூட்டத்தில், வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டிஸ் பட்டியல் விலங்கை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்தது, ஆறு மாதம் அவகாசமும் கொடுத்தார்கள். இவருக்கு எதுவும் தெரியாது. எட்டு வருஷம் ஒழுங்காகத் தீனி போட்டு வளர்த்தவர் ஓடி ஒளிவதைவிட, கூட வந்து நின்று பேசுவதே நல்லது என்று சொன்னேன். வண்டி வந்தபோது அவரும் கூட நின்றார். எழுத்தில் விவரம் வாங்கிக்கொண்டார்கள்.

அதன் பிறகு

பத்து நாளில், மாவட்டத்துக்கு வெளியே மூடிய குளம் உள்ள ஒரு இடத்துக்கு ஆமை மாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். போன மூன்றாம் நாள் தீனி எடுத்தது. பையனின் தையலை எட்டாம் நாள் பிரித்தார்கள். கட்டைவிரலை மடக்க ஒரு மாதம் போல சிரமப்பட்டான். ஆஸ்பத்திரி போய்வந்த செலவை நான் கொடுக்கப் போனபோது அவன் அம்மா வாங்கவில்லை. தப்பு என்னுடையது என்று மாமியார் உட்பட எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அந்தப் பெரியம்மா, ஆமை வண்டியேறிய அன்று இரவுதான் அடுப்பு மூட்டினார்.

இனி மாற்றிக்கொண்டது

ஆமை என்று போன் வந்தால் மூன்று போட்டோ வராமல் நான் வாயைத் திறப்பதில்லை. பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து மேலிருந்து ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, பின்னாலிருந்து வால் தெரிய ஒன்று. மூன்றையும் நாலடி தள்ளி நின்றே எடுக்கலாம். அதுவரை கூடையைக் கவிழ்த்து வைப்பது மட்டும்தான், கையில் எடுப்பது கிடையாது. பால் ஆமை என்றே தெரிந்தாலும் தூக்கச் சொல்வதில்லை. அது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதுவும் கடிக்கும். முதுகு மேட்டை நம்புவதை விட்டுவிட்டேன். வாலையும் வயிற்றையும் பார்க்காமல் "விட்டுடுங்க" என்ற சொல் என் வாயிலிருந்து வராது.

செய்ய வேண்டிய இன்னொரு வேலை முடியவில்லை. 2016-இல் அந்தக் கடைத் தட்டில் இதே அளவில் பத்துப் பதினைந்து குட்டிகள் இருந்ததாக வளர்த்தவர் சொன்னார். அவரோடு போன இரண்டு நண்பர்களும் ஆளுக்கு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஒருவருடையது முதல் வருஷமே செத்துவிட்டது. இன்னொருவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான் இரண்டு முறை ஞாபகப்படுத்திவிட்டேன். அந்த நண்பர் போனை எடுக்கவில்லையாம். அவர் வீடும் ஆற்றங்கரைதான்.